படிவத்தின் கடைசி வரி

எங்கள் சபையின் மிஷனரிக் குழு ஞாயிறு பள்ளியின் சின்ன அறையில்தான் கூடும். ஆராதனை முடிந்ததும் பெரிய அறையைப் பாடகர் குழு பிடித்துக்கொள்ளும். அதனால் நாங்கள் ஐந்து பேரும் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான நாற்காலிகளில், முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்துகொண்டு, யாரைப் பணம் கொடுத்துத் தாங்குவது, யாரை விடுவது என்று பேசுவோம். எதிர்ச் சுவரில் வண்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய நோவாவின் பேழை. அதிலிருக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரு கண் எப்போதோ உதிர்ந்துவிட்டது.

குழுவின் தலைவி பல் டாக்டர். எதையும் சுற்றி வளைக்காமல் நேரே வேரைப் பிடிப்பவர். அடுத்தவர் தச்சர். சட்டைப் பையில் எந்நேரமும் அளவு நாடா இருப்பதால் சபை முழுவதும் அவருக்கு டேப் அண்ணன் என்றே பெயர். யாரைக் கண்டாலும் அளப்பார். ஐந்து வருடத்துக்கு முன் பாடகர் குழுவுக்குப் புது பெஞ்சு என்று சொல்லி என்னைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்தார். பெஞ்சு இன்றுவரை வரவில்லை. மூன்றாவது, பள்ளியில் நூலகம் பார்க்கும் லைப்ரரி டீச்சர். நான்காவது போதகர். ஐந்தாவது நான், செயலாளர். பகலில் கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் அலுவலக நிர்வாக வகுப்பு. செயலாளராகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. டேப் அண்ணன் என்னை 'செக்ரட்டரியம்மா' என்று கூப்பிடுவது மரியாதையா கிண்டலா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நாங்கள் தாங்குவது நான்கு ஊழியங்கள். கிராமங்களுக்கு மருத்துவ வண்டி அனுப்பும் ஒரு பெரிய நிறுவனம். சிறைக்குள் போய்க் கைதிகளைப் பார்த்துவரும் ஒருவர். எழுத்தில்லாத ஒரு மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்க்கும் ஒரு தம்பதி. நான்காவது, ஒன்றரை நாள் ரயில் பயணத் தொலைவில் ஒரு மலையூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதி. அதை எட்டு வருடமாக நடத்துவது என் அக்காவும் அத்தானும்.

நான்குக்கு மேல் தாங்க எங்கள் சபைக்குத் தெம்பில்லை. அந்த நேரம் பார்த்து ஐந்தாவதாக ஒருவர் விண்ணப்பித்தார். துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கும் மாலுமிகளைச் சந்திக்கிறவர். எட்டே நிமிடம் பேசினார். இறங்கியதும் மாலுமிகள் கேட்பது சிம் கார்டு எங்கே கிடைக்கும் என்பதைத்தான். எனக்காக ஜெபிப்பீர்களா என்று கேட்க மூன்று நாளாகும். கப்பலோ இரண்டு நாளில் கிளம்பிவிடும். ஆகவே சிம் கார்டு வாங்கித் தரும் நேரத்துக்குள்ளேயே நண்பனாகிவிட வேண்டும் என்றார். எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. அவரைச் சேர்த்தால் நால்வரில் ஒருவரை விட வேண்டும்.

இதுவரை எப்படித் தீர்மானித்தார்கள் என்று பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். மொழிபெயர்ப்புத் தம்பதியைச் சேர்த்த வருடத்தில், "எல்லார் உள்ளமும் உருகியது. ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று மட்டும் இருந்தது. அன்று புரொஜெக்டர் பாதியில் நின்றுபோனதாம். திரையில் வந்திருக்க வேண்டிய படங்களை அவர்கள் இருட்டில் நின்றபடி வாயாலேயே விவரித்தார்களாம்.

"புரொஜெக்டர் ஓடியிருந்தா எடுத்திருக்க மாட்டோம்," என்றார் பல் டாக்டர்.

மாலை வகுப்பில் அந்த மாதம்தான் மதிப்பெண் அட்டவணை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முடிவெடுக்கும் முன் கேள்விகளை எழுது, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடு, கூட்டு. முடிவை எடுத்த விதத்தையும் அன்றன்றைக்கு எழுதி வை. நான் கையை உயர்த்தி, ஒரு படிவம் தயார் செய்கிறேன் என்றேன். சொல்லி முடிக்கும்போதே, இதற்கு எனக்கு என்ன தகுதி என்று தோன்றிவிட்டது. ஆனால் அதற்குள் டேப் அண்ணன், உருகினது போதும், இந்தத் தடவையாவது அளந்து பார்ப்போம் என்று தலையாட்டிவிட்டார்.

கடையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆள் வருவது குறைவு. கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்து வரிசையில் வைத்துவிட்டு, பவர் எழுதும் அட்டைகளின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிப் பார்த்தேன். இந்த ஆண்டு எத்தனை பேர் பயனடைந்தார்கள்? அறிக்கைகள் குறித்த நாளில் வந்தனவா? படங்கள் இணைக்கப்பட்டுள்ளனவா? அடுத்த மூன்றாண்டுத் திட்டம் என்ன? இப்படிப் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண்.

பத்தும் எழுதி முடித்த பிறகுதான் சங்கடம் தொடங்கியது. அக்காவின் ஊழியத்துக்கு நான் மதிப்பெண் போடலாமா? கூடாது. அதைப் படிவமே சொல்லிவிடட்டும் என்று கீழே ஒரு வரி சேர்த்தேன்: "இந்த ஊழியத்தில் இருப்பவர்களுடன் எனக்கு உறவோ நெருங்கிய பழக்கமோ இல்லை, இதற்காக நான் நேரடியாக எதுவும் செய்ததில்லை." அதற்குக் கீழே கையெழுத்துக்கு இடம். கையெழுத்துப் போடாதவர் கொடுத்த மதிப்பெண் செல்லாது. என் ஒருத்தியை மனதில் வைத்து எழுதிய வரி அது. மற்ற நால்வரும் யோசிக்காமல் போட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

கேள்விகளை ஐந்து ஊழியங்களுக்கும் அனுப்பினேன். மருத்துவ வண்டி நிறுவனம் இருபத்து நான்கு பக்கம் பளபளப்பான தாளில், வண்ண வரைபடங்களோடு பதில் அனுப்பியது. அக்காவிடமிருந்து அரைப் பக்கம் வந்தது.

"பயனடைந்தவர்கள்: பதினொரு பிள்ளைகள். போன வருடமும் இதே பதினொன்று. படங்கள்: பிள்ளைகளைக் கேட்டோம், வேண்டாம் என்றார்கள். மூன்றாண்டுத் திட்டம்: இவர்களுக்கு மூன்று வயது கூடும்."

பொறுக்க முடியாமல் பென்சிலால் நானே ஒரு முறை கூட்டிப் பார்த்தேன். மருத்துவ வண்டி தொண்ணூற்று இரண்டு. மற்ற மூன்றும் அறுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில். அக்கா முப்பத்தெட்டு.

இதன் அர்த்தம் எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் சபை கைவிட்டால் அந்த விடுதி ஒரு வருடம் தாங்காது. பிள்ளைகள், கையால் பேசத் தெரிந்த ஒருவர்கூட இல்லாத தத்தம் வீடுகளுக்குத் திரும்ப வேண்டும். அக்காவும் அத்தானும் இங்கே வந்துவிடுவார்கள்.

அக்கா படிவத்தில் எழுதாதது எவ்வளவோ எனக்குத் தெரியும். வந்த புதிதில் ஒரு பையன் ஒரு வருடம் முழுக்கச் செருப்பைக் கழற்றாமலே தூங்கினானாம், எந்த நேரத்திலும் வீட்டுக்குக் கிளம்பத் தயாராக. இப்போது காலையில் அவன் செருப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு என்று போனில் சொன்னாள். இதை என் பத்துக் கேள்விகளில் எதற்குக் கீழே எழுதுவது என்று பார்த்தேன். எதற்குக் கீழும் பொருந்தவில்லை. தங்கை என்பதால் நானாகச் சேர்ப்பதும் நியாயமில்லை. விட்டுவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அன்று வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அம்மா அக்காவின் பழைய போர்வையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்போ அவ இங்க வந்துடுவாளா?" என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் என் நெஞ்சுக்குள் ஒன்று துள்ளியது. எட்டு வருடமாக என் அறையில் இரண்டு கட்டில், ஒருத்தி. துள்ளியது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது; இல்லையென்று சொல்ல முடியாது. குறிப்பேட்டில் இப்படி எழுதினேன்: "முப்பத்தெட்டு போட்டது செயலாளரா, தங்கையா?" பதில் எழுத இடம் விட்டேன். அது அப்படியே கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதிப்பெண் போடும் கூட்டம். முதல் நான்கு ஊழியங்களும் அரை மணி நேரத்தில் முடிந்தன. என் படிவம் நன்றாக வேலை செய்வதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கடைசியாக அக்காவின் படிவம். நான் எழுந்து, உறவு என்பதால் வெளியே போகிறேன், டீ போட்டுக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்துச் சமையலறைக்குப் போனேன்.

பாலை அடுப்பில் வைத்தேன்.  சுவருக்கு அந்தப் பக்கம் குட்டி நாற்காலி ஒன்று தரையில் உரசும் ஓசை. டேப் அண்ணன் வந்து கதவில் சாய்ந்துகொண்டார்.

"மார்க் போட்டாச்சாண்ணே?"

"போட்டாச்சு. கீழ ஒரு வரி இருக்கே, அங்கதான் பேனா நகரமாட்டேங்குது. அந்த விடுதிக் கட்டிலெல்லாம் நான் போட்டது. லாரியில ஏத்திக்கிட்டு நானே போய் மாட்டிட்டு வந்தேன். எதுவும் செஞ்சதில்லைன்னு பொய்க் கையெழுத்தா போடறது?"

"எத்தனை கட்டில்?" என்றேன். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பது என் வியாதி.

"பன்னிரண்டு."

"பிள்ளைங்க பதினொண்ணுதாண்ணே."

"எனக்கே அளவு சொல்லித் தர்றியா, செக்ரட்டரியம்மா? பாலைப் பாரு, பொங்குது."

பொங்கித்தான் விட்டது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே லைப்ரரி டீச்சர் வந்தார். அவராலும் கையெழுத்துப் போட முடியவில்லை. மாதாமாதம் அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பொட்டலம் அனுப்புகிறாராம், பதினொரு கடிதத்துக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுகிறாராம். இது எனக்கே தெரியாது. அங்கே போயிருந்தபோது ஒரு சின்னப் பெண் அவருக்குச் சைகையில் பெயர் வைத்திருக்கிறாள். விரலை நாக்கில் தொட்டுக் காற்றில் ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். "இதுதான் நானாம்," என்றார். வெட்கமும் பெருமையுமாக இன்னொரு முறையும் புரட்டினார்.

அடுத்தது பல் டாக்டர். கையில் படிவத்தோடு வந்தார், கோபமாக. "ரெண்டு தடவை போய் அந்தப் பதினொரு வாயையும் பார்த்திருக்கேன். அதுல ஒருத்தன் என் விரலைக் கடிச்சிருக்கான். பழக்கமில்லைன்னு எப்படிம்மா எழுதறது?"

சமையலறையில் நால்வர் நிற்கவே இடமில்லை. டேப் அண்ணன் அரிசி டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். கடைசியாகப் போதகரின் தலை கதவுக்குள் நீண்டது. அக்காவுக்குத் திருமணம் நடத்தி வைத்தவர் அவர். அங்கே கிணற்றடியில் வாய்க்கால் வெட்டியவர்.

"உள்ள நானும் ஒட்டகச்சிவிங்கியும் மட்டும்தான் இருக்கோம்," என்றார். "அது வேணும்னா கையெழுத்துப் போடும். என்னால முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. என் படிவத்தின்படி அக்காவுக்கு மதிப்பெண் போடத் தகுதியுள்ளவர் சபையில் ஒருவரும் இல்லை. நான் போட்ட ஒரு வரியால் மொத்தக் குழுவும் கூட்டத்தைவிட்டு வெளியேறிச் சமையலறையில் நிற்கிறது. டம்ளர்களை எண்ணி வைத்தபடி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று முணுமுணுத்தேன்.

அப்போது லைப்ரரி டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டார், "நீ கடைசியா எப்போ அங்க போன?"

தேர்வு, கடையில் லீவு கிடைக்காதது, அம்மாவின் முழங்கால் என்று அடுக்கினேன். அடுக்கி முடித்தும் அவர் இன்னும் கேட்டுக்கொண்டே நின்றார்.

"போனதே இல்ல," என்றேன்.

 பல் டாக்டர் தன் தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்து என் தட்டில் வைத்தார். உறவு என்று வெளியே வந்தவள் நான். அந்த ஐந்து பேரில் அந்த வீட்டின் வாசற்படியைக்கூடப் பார்க்காதவளும் நான்தான். போய்ப் பார்த்தால், அவள் அங்கேயே இருக்கட்டும் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவருமோ என்ற பயம்தான் காரணம். அதை அன்று அவர்களிடம் சொல்லவில்லை.

பேச்சை மாற்றுவதற்காக மற்றப் படிவங்களை எடுத்துக் காட்டினேன். மருத்துவ வண்டியின் படிவத்தில் என்னுடையதையும் சேர்த்து ஐந்து கையெழுத்தும் ஒரே வேகத்தில் விழுந்திருந்தன. யாருக்கும் அங்கே யாரையும் தெரியாது. அவர்களுக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது யார் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பளபளப்பான அறிக்கையின் உறையைத் திருப்பிப் பார்த்தேன். இப்போதைய போதகருக்கு முன்னால் இருந்தவரின் பெயர் அதில் இருந்தது. இவர் வந்தே பத்து வருடமாகிறது.

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "பத்துக் கேள்வி எழுதினியே, இதை எழுதலையே. நாம நிறுத்தினா அவங்களுக்கு அது தெரியுமா?"

அந்தக் கேள்வியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சிறைக்குப் போகிறவரை எங்களோடு சேர்த்து மூன்றே சபைகள் தாங்குகின்றன. அவருக்கு மறுநாளே தெரியும். மொழிபெயர்ப்புத் தம்பதிக்கும் தெரியும். மருத்துவ வண்டிக்கு? போதகர் இடைமறித்து, அவர்கள் செய்வது நல்ல வேலை, நாம் கண்டுகொள்ளாமல் இருந்ததற்கு அவர்களைக் குறை சொல்லக் கூடாது என்றார். கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

அக்கா விஷயத்தில் டாக்டர் கறாராக இருந்தார். நாம் எல்லோரும் சாட்சிகள், நீதிபதிகள் இல்லை. நமக்குப் பிடித்தவர்கள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தாங்கவும் கூடாது. அந்த ஊழியத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லாத ஒருவர் போய்ப் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை இப்போது போலவே நடக்கட்டும். போன மாதம்தான் சபையில் சேர்ந்த பஸ் டிரைவரைக் கேட்பதென்று முடிவானது. மற்ற ஊழியங்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு கடிதம் எழுதுவது, முடிந்தால் போய் வருவது. அடுத்த வருடம் எந்தப் படிவத்திலும் அந்தக் கடைசி வரியில் நம்மில் ஒருவரும் கையெழுத்துப் போட முடியாமல் போக வேண்டும் என்றார் போதகர். அப்புறம் மார்க் போட யாரைப் பிடிப்பது என்று டேப் அண்ணன் கேட்டார்.  அது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

திங்கட்கிழமை கடையிலிருந்து மருத்துவ வண்டி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பேசிய பெண் இனிமையானவள். எங்கள் சபையின் பெயரைக் கணினியில் இரண்டு முறை தேடினாள். கிடைத்ததும் நன்றி சொன்னாள். தங்களைத் தாங்கும் சபைகள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன, நீங்கள் சின்ன ஊழியம் எதையாவது எடுத்துக்கொண்டால் எங்களுக்குச் சந்தோஷம்தான் என்றாள். போதகரின் பெயரைத் திருத்திக்கொண்டாள். மாலுமிகளின் நண்பருக்கு இடம் கிடைத்தது.

மதிய இடைவேளையில் அக்காவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முப்பத்தெட்டையும் மறைக்கவில்லை.

"அவ்ளோ குடுத்தியா?" என்று சிரித்தாள். "படமே அனுப்பலையே, அதுக்கெல்லாம் முட்டைதானே?"

பிறகு அம்மா போர்வையை மடித்ததையும், எனக்குள் துள்ளியதையும் சொன்னேன். கண்ணாடி துடைக்கும் துணியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்புறத்தில் பாத்திரங்கள் மோதும் ஓசை மட்டும் கேட்டது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தொந்தரவு இல்லை.

"நான் வரணும்னு தோணிச்சுன்னா வான்னு கேளு," என்றாள் அக்கா. "அதுக்குப் பத்துக் கேள்வி எதுக்குடி?"

"கேட்டா வந்துடுவியா?"

"மாட்டேன். ஆனா நீ கேட்டிருக்கலாம்ல."

துணியை விரலிலிருந்து உருவி மேசையில் வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"நீ வா. உன் கட்டில் சும்மாதான் கிடக்கு. பசங்க அதுல துவைச்ச துணியைக் குவிச்சு வைக்குதுங்க."

"என் கட்டிலா?"

"பன்னிரண்டாவது. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி டேப் அண்ணன் கொண்டுவந்து மாட்டினது. மத்ததெல்லாம் சின்னது, இது மட்டும் நீளம். தங்கச்சி வந்தா கால் இடிக்கக் கூடாது, அளந்துதான் போட்டிருக்கேன்னாரு. உன்கிட்ட சொல்லவேயில்லையா?"

இரண்டு டிக்கெட் எடுத்தேன், ஒன்று பஸ் டிரைவருக்கு, ஒன்று எனக்கு. கடை முதலாளி கேட்டவுடனே லீவு கொடுத்தார். எட்டு வருடத்தில் நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன சனிக்கிழமை காலையில் ரயில் ஏறினோம். வேறொருவர் ஓட்ட, தான் சும்மா உட்கார்ந்து வருவது டிரைவருக்குப் பழக்கமில்லை. வளைவு வரும்போதெல்லாம் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. இரண்டாவது ஸ்டேஷன் தாண்டியதும் அவரிடம் படிவத்தைக் கொடுத்தேன். டாக்டர் கேட்டதைப் பதினோராவது கேள்வியாகக் கையால் எழுதிச் சேர்த்திருந்தேன். நிதானமாக எல்லாவற்றையும் படித்தார். மதிப்பெண் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டு, கடைசி வரிக்கு வந்து பேனாவைத் திறந்தார்.

"பார்த்துட்டு வந்தப்புறம் போட்டாப் போதும்ண்ணே," என்றேன்.

"இல்லம்மா, இப்பவே போட்டுடறேன்," என்றார் அவர். "திரும்பி வர்றப்போ போட முடியுமோ என்னவோ."